இரண்டு தரம் கேட்டவன்

பேர்க்டோர்ஃப். பள்ளிக்கூடத்தின் இரண்டாம் மாடி.
மணித்தியாலக் கூலிக்கு வந்திருக்கிறேன்.
என் வேலை மிகச் சின்னது:
யார் "நான்" என்றாலும் நானும் "நான்" என்பது.
கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது,
தலையைக்கூட ஆட்டக்கூடாது.

மேசைக்கு அந்தப் பக்கம் ஆசிரியை ஏஷ்லிமன்,
பள்ளியின் சமூகப் பணியாளர், ஒரு கோப்பு.
இந்தப் பக்கம் சுகிர்தா.
முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்திலிருந்து
நேரே வந்தவள். கைகளில் குளோரின் மணம்.
பக்கத்தில் பதின்மூன்று வயதுச் சாருகன்,
கதிரையைப் பின்னுக்குச் சாய்த்தபடி.

முதலில் ஒரு சொல் வந்தது.
மொபிங்.
ஜெர்மன்காரருக்கே அது இரவல்.
தொந்தரவு? காணாது.
கொடுமை? மாமியார் வீட்டுக்குப் போய்விடும்.
துன்புறுத்தல்? பொலிஸ் தாளில் கிடக்கிற சொல்.
நான் தடுமாறுவதற்குள் சுகிர்தாவே எடுத்துத் தந்தாள்:
"பகிடிதானே அக்கா விட்டவன்.
பெடியள் எண்டால் பகிடி விடுவினம்தானே, உங்களுக்குத் தெரியாதே?"
பகிடி: ஷ்பாஸ். அப்படியே கொடுத்தேன்.
ஆசிரியை குறித்துக்கொண்டார்.
சாருகன் மெல்லச் சிரித்தான்.

பிறகு கோப்பைத் திறந்தார்கள்.
லோரிக் எழுதியது, ஒன்றரைப் பக்கம்.
பணியாளர் ஒரு வரி வாசிப்பார், நிறுத்துவார்.
நான் சொல்வேன்.

"வெளியே சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் வகுப்புக்குள் போவோம்.
பதினொரு நாள் என் சப்பாத்துக்குள் பனி அடைந்திருந்தது.
உருகிய நாளும் உண்டு, இறுகிய நாளும் உண்டு.
அதையே போட்டுக்கொண்டு போனேன்.
பன்னிரண்டாம் நாள் ஒற்றைச் சப்பாத்துத்தான் இருந்தது.
மற்றது எம்மே ஆற்றில் போவதை
வகுப்பின் வாட்ஸ்அப்பில் எல்லாரும் பார்த்தார்கள்.
நாங்கள் இருபத்தொரு பேர். பத்தொன்பது சிரிப்புப் பொம்மை.
சிரிக்காத இரண்டில் ஒன்று நான்.
மற்றது யாரென்று இன்னும் தேடுகிறேன்."

தேடுகிறேன் என்றது என் வாய்.
நாற்பத்துநாலு வயதுக் குரல்
ஒரு கொசோவோப் பிள்ளையின் நனைந்த கால்விரல்களோடு
அந்த அறையில் நின்றது.

சுகிர்தா பணியாளரைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து
மேசைக்குக் கீழே என் கால்களை.
வந்ததிலிருந்து நீங்கள் என்றவள்,
"இப்ப கால் எப்பிடி?" என்றாள்.
"வீட்டில அம்மாவுக்குச் சொன்னனியோ?"

நீ என்றதை நீ என்றே ஜெர்மனுக்குக் கொண்டுபோனேன்.
ஆசிரியையின் பேனா நின்றது.
"யாரைக் கேட்கிறார்?"

அங்கிருந்தவர்களுக்கு அந்தக் கதை ஒரு தரம்தான்,
அவர்களுக்கு ஜெர்மனில், அவளுக்குத் தமிழில்.
சாருகன் மட்டும் இரண்டு தரம் கேட்டான்.
முதல் தரம் யன்னலைப் பார்த்தான்.
இரண்டாம் தரம், தாய் விளங்குகிற மொழியில் அது வந்தபோது,
கதிரையின் முன்கால்கள் நிலத்தைத் தொட்டன.
ஏதோ சொல்லத் தொடங்கினான்.
எந்த மொழியென்று பிடிபடவில்லை.
நான் அதை மொழிபெயர்க்கவும் இல்லை.

ஒரு திருத்தம், என்று கையை உயர்த்தினேன்.
ஒன்பது வருட வேலையில் முதல் தரம்.
எங்கள் ஊர்க் கம்பஸ் சுவரொட்டிகளில்
ஒரு சொல் இருக்கும்: பகிடிவதை.
பகிடி முன்னுக்கு நிற்கும். வதை அதன் முதுகுக்குப் பின்னால்.
நான் முன்னுக்கு நின்றதை மட்டும் தந்துவிட்டேன்.

கூட்டினேனோ, விட்டதை எடுத்து வைத்தேனோ,
தெரியவில்லை. சுகிர்தா மறுக்கவில்லை.

வியாழக்கிழமை லோரிக்கின் பெற்றோரும் வருவார்கள்.
அவர்களுக்கு அல்பேனிய மொழியில்
இன்னொரு "நான்" வரும்.

கூலித் தாளில் ஐம்பது நிமிடம் என்று எழுதினேன்.
குறிப்புகள் என்ற கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

நடைக்கூடத்தில், ஹீட்டருக்கு மேலே, சப்பாத்துத் தட்டு.
சாருகன் தன்னுடையதை எடுக்கமுன்
சுகிர்தா ஒன்றைத் தூக்கி
நுனிவரை கையை விட்டாள்.
கன நேரம் எடுக்கவில்லை.
காய்ந்திருந்தது.
சூடாகக்கூட இருந்திருக்கும்.